அக்காவின் மூன்று மீட்டர்

அக்கா நீந்தினாள் என்பதை அக்காவைத் தவிர எல்லோரும் நம்பினோம்.

நீச்சல் குளத்தின் இந்தச் சுவரை விட்டுவிட்டுப் போய் எதிர்ச்சுவரைத் தொட்டாள். நீளவாட்டில் இல்லை, அகலவாட்டில்தான். ஆனால் நடுவில் எங்கும் காலை ஊன்றவில்லை. எதிர்ச்சுவரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள், மூக்கைச் சிந்தினாள். மூச்சு சீரானதும் முதல் வேலையாகத் தன் வெற்றியைத் தூக்கி வேறொருத்தியிடம் கொடுத்துவிட்டாள்.

"விசில்தான் என் வயித்துல கைய வெச்சுத் தாங்கிக்கிட்டே வந்தா. இல்லேன்னா நான் இந்நேரம் அடியில கிடப்பேன்."

விசில் என்பது அக்காவுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கும் பெண். கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால் அந்தப் பெயர். அவள் அதை ஊதி ஒருவரும் கேட்டதில்லை. பாதி வழியிலேயே கையை எடுத்துவிட்டேன் என்று அவள் அடித்துச் சொன்னாள். கடைசிவரைக்கும் கை இருந்தது, என் வயிறு எனக்குத் தெரியாதா என்றாள் அக்கா. கரையில் நின்ற பெண்கள் சொன்னதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சொல்லி நம்புவது என்ற பேச்சுக்கே இடமில்லை. அவளுடைய கல்யாணத்தன்று தலை அலங்காரம் அழகாக இருக்கிறது என்று சொன்னவள் நான். அந்தப் புகைப்படங்கள் வந்த நாளிலிருந்து என் சாட்சி அவளிடம் செல்லாது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. கண்ணாடியைக் கழற்றிவிட்டால் அக்காவுக்குத் தன் உள்ளங்கை ரேகையே தெரியாது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறவள். அவளுடைய லென்ஸின் கனம் என் விரல்களுக்குப் பாடம். கண்ணாடி இல்லாமல், முகத்தைத் தண்ணீருக்குள் புதைத்துக்கொண்டு போன ஒருத்திக்குத் தன்னைச் சுற்றி யார் இருந்தார்கள், யார் இல்லை என்று எப்படித் தெரியும்?

ஐம்பத்திரண்டு வயதில், யாரும் சொல்லாமல், தானே போய்ப் பெயர் கொடுத்து வந்தவள் அவள். சின்ன வயதில் நான் நீச்சல் கற்றுக்கொண்டபோது படியில் துண்டோடு உட்கார்ந்திருந்தவள். பாதத்துக்கு மேல் தண்ணீர் ஏறினால் எழுந்துவிடுவாள். அப்படிப்பட்டவள் மாதக்கணக்கில் முட்டி நடுங்க நடுங்க அந்தப் படிகளில் இறங்கினாள். இப்போது, நீந்திக் கரை சேர்ந்த அன்றைக்கே, இது நமக்கு வராது, நின்றுகொள்கிறேன் என்று விசிலிடம் சொல்லிவிட்டாள். அடுத்தவர் கையில் மிதப்பதற்கு எதற்கு வகுப்பு? விசில் மன்றாடிப் பார்த்தாள். கடைசியில், அடுத்த சனிக்கிழமை வரை உங்கள் இடத்தை வைத்திருப்பேன், அதற்கப்புறம் காத்திருக்கிற வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா என் முழங்கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தாள். நாற்பத்து மூன்று வயதிலும் நான் அவளுக்கு வாண்டுதான். அவள் பிடியில் இருந்த அந்த நேரத்தில், "நின்றுகொள்கிறேன்" என்ற சொல் எனக்குள் ஏதோ ஒரு மூலையில் இதமாக இறங்கியதைக் கவனித்தேன். எங்கள் இருவரில் தண்ணீர் தெரிந்தவள் இனியும் நான் மட்டும்தான். சாலை அவளுடையது, தண்ணீர் என்னுடையது. அந்தப் பங்கீடு அப்படியே இருக்கட்டும் என்று எனக்குள் ஒருத்தி கேட்டாள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை. அவளோடு சண்டை போடுவதற்காகவேகூட அந்தப் பிலிமை நான் கழுவியாக வேண்டும் என்று நினைத்தேன்.

பிலிமைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளத்தில் பெண்களுக்கான நேரத்தில் போன் கொண்டுபோகக் கூடாது. நியாயமான விதிதான். ஆனால் எங்கள் கடைக்குக் கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர், இனி இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு பழைய சினிமா கேமராவையும், அதன் படம் காட்டும் புரொஜக்டரையும், பிலிம் கழுவும் பிளாஸ்டிக் தொட்டியையும் என்னிடம் தள்ளிவிட்டுப் போயிருந்தார். சாவி கொடுத்தால் ஓடும் கேமரா, உள்ளே விரல் அகலக் கறுப்பு வெள்ளைப் பிலிம். குளத்து வாசலில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இது போன் இல்லைதானே என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு யாரும் விழாமல் அக்காவை மட்டும் எடுப்பதாக விசிலிடமும் மற்றவர்களிடமும் சொல்லிவிட்டு, அக்கா சுவரை விட்டதும் பொத்தானை அழுத்தினேன். அவள் எதிர்ச்சுவரைத் தொடும்வரை விடவில்லை. மூன்று மீட்டர் பிலிம் ஓடியிருக்கும். மீதிப் பிலிமில் வீட்டுக்கு வந்து மாமாவை எடுத்தேன். மாமா என்றால் அக்காவின் கணவர். முற்றத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால், மாநாட்டுக்கு வந்த தலைவர் மாதிரி கையசைத்துக்கொண்டு ஊற்றினார்.

சாதாரணமாகக் கழுவி, வருகிற நெகட்டிவைப் போனில் படம் பிடித்துக் கறுப்பை வெள்ளையாகத் திருப்பிவிடலாமே என்றார் மாமா. செய்யலாம். ஆனால் போனில் வருகிற எதையும் அக்கா நம்ப மாட்டாள். அதில் மனுஷனுக்கு இறக்கைகூட ஒட்டுவார்கள் என்பாள். கேமராவுக்குள் ஓடிய அதே பிலிம், நேராகவே படமாக, அவள் கைக்கு வர வேண்டும்.

அதற்கு ஒரு வழி இருக்கிறது. முதலில் வழக்கம்போல டெவலப்பரில் கழுவினால், ஒளி பட்ட இடமெல்லாம் கறுப்பு வெள்ளியாக மாறும். அதுதான் நெகட்டிவ். பிறகு பிளீச் என்கிற கரைசலை ஊற்றி அந்தக் கறுப்பை முழுக்கக் கரைத்து வெளியேற்ற வேண்டும். எஞ்சுவது, ஒளி படாமல் ஒதுங்கிக் கிடந்த பாகம். அதன்மேல் இப்போது விளக்கைக் காட்டி மறுபடி டெவலப்பரில் போட்டால், அது கறுக்கும். வெள்ளை வெள்ளையாகவும் கறுப்பு கறுப்பாகவும் நேர்ப்படம் வந்துவிடும். டெவலப்பரும், கடைசியில் படத்தை நிலைக்கவைக்கும் ஃபிக்ஸரும் கேமராக் கடையில் கிடைத்தன. பிளீச்தான் எங்கும் விற்பனைக்கு இல்லை. அதை நாமே செய்ய வேண்டும்.

கெமிக்கல் கடை எங்கள் கடைக்குப் பின்தெருவில் இருந்தது. ஆள் பக்கவாட்டில் நுழைகிற அகலம். பொட்டாசியம் டைக்ரோமேட் கேட்டேன். புத்தகங்களெல்லாம் முதலில் சொல்வது அதைத்தான். கடைக்காரர் ஆரஞ்சு நிறப் பளிங்கு நிரம்பிய புட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பார்க்கவே கண்ணைப் பறித்தது. எந்தக் கம்பெனி என்று கேட்டார். கம்பெனி இல்லை, வீட்டு பாத்ரூமில்தான் என்றேன். அவர் புட்டியைத் திரும்ப மேல்தட்டில் ஏற்றிவிட்டார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. புற்றுநோய் வரவழைக்கிற பொருள் அது. எங்கள் வீட்டில் ஒரே பாத்ரூம், மூன்று பல்துலக்கிகள், ஒரு சாக்கடை.

அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடு. தலைமுடியை வெளுக்க அழகு நிலையத்தில் வைத்திருப்பது. விஷமில்லை, வேலை முடிந்ததும் வெறும் தண்ணீராகிவிடும். மனது அதன் பக்கம்தான் சாய்ந்தது. எனக்கு முடி வெட்டுகிற பெண் கொஞ்சம் தண்ணீர் மாதிரித் தெளிவானதைக் கொடுத்தாள். எலுமிச்சை உப்பைச் சேர்த்து, மாமா வருகிற பகுதியிலிருந்து சாண் அளவு வெட்டி முயன்று பார்த்தேன். பிலிம் சுருளின் வெளிச்சுற்றில் இருந்தவர் மாமாதான். அக்கா உள்ளே பத்திரமாக இருந்தாள். கறுப்பு கரைந்தது, கூடவே பிலிமின் தோலும் குமிழ் குமிழாகக் கொப்பளித்துக்கொண்டு எழும்பியது. மாமா அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, எனக்கு அம்மை போட்டிருக்கிறது என்று வருத்தப்பட்டார்.

மூன்றாவது, பொட்டாசியம் பெர்மாங்கனேட். மருந்துக் கடையில் சின்னப் பொட்டலமாகக் கிடைக்கிற ஊதாத் துகள். அதிகக் கேடில்லை, கைகளில் மட்டும் தவிட்டு நிறக் கறை ஏற்றும். பிலிமின் தோலை இளக்கிவிடும் குணமும் உண்டு. அதனால் குளிர்ச்சியாக, நகம் படாமல், பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுவது மாதிரிக் கையாள வேண்டும். ஆனால் தனியாக வேலை செய்யாது. கூட ஒரு அமிலம் வேண்டும்.

"ஒருத்தன் அழகன், ஆனா விஷம். ஒருத்தன் சாது, ஆனா தோலை உரிக்கிறான். இவன் கறை படிஞ்சவன், தனியா நிக்கவும் மாட்டான்," என்றார் மாமா. "உனக்கு மாப்பிள்ளை பாத்தப்பகூட நீ இவ்வளவு யோசிக்கலையேம்மா."

"யோசிச்சதாலதானே மாமா இன்னும் உங்க வீட்டு மாடியில இருக்கேன்?"

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். உண்மையில் அந்த வாரம் முழுக்க நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன் என்று நினைக்கிறேன். கடையில் லென்ஸ் தேய்க்கும்போது மனசுக்குள் ஊதாவும் ஆரஞ்சும் வெள்ளையுமாகப் புட்டிகள் அணிவகுத்தன. ஒரு காரியத்துக்கு எது சரியான பொருள் என்று தேடி அலைவதில் இத்தனை இன்பம் இருப்பது எனக்குத் தெரியாது. வாழ்க்கையில் முக்கியமானவை எல்லாம் எனக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டே வந்திருக்கின்றன. பெரும்பாலும் அக்காதான் தேர்ந்தெடுத்தாள், நன்றாகத்தான் தேர்ந்தெடுத்தாள். இந்த ஊதாப் பொட்டலம் நான் எடுத்தது.

அமிலத்துக்கு, பேட்டரிக் கடையில் கந்தக அமிலம் கிடைக்கும். பாத்ரூம் தரையை நினைத்தால் துணிச்சல் வரவில்லை. அப்போதுதான் தண்ணிக்காரம்மா நினைவுக்கு வந்தார். நீச்சல் குளத்தில் தண்ணீரைச் சோதித்துச் சரிசெய்வது அவர் வேலை. தண்ணீரில் காரம் ஏறிவிட்டால் இறக்குவதற்கு அவர் போடுகிற வெள்ளைப் பொடி, சோடியம் பைசல்பேட். பெர்மாங்கனேட்டுக்குத் துணையாகப் போட அமிலத்துக்குப் பதில் அதுவே போதும் என்று படித்திருந்தேன். நெடி அடிக்காத, சாதுவான அமிலம்.

மோட்டார் அறையில் போய்க் கேட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். பொடியாகக் கொடுத்தால் தூசி மூக்கில் ஏறும், நாங்கள் எப்போதும் கரைத்து வைத்துத்தான் ஊற்றுவோம் என்று, எத்தனை கரண்டி போட்டிருக்கிறார் என்பதையும் சொல்லி, ஒரு கேன் நிறையக் கரைசல் கொடுத்தார். "உங்க அக்கா நீந்துனாங்கல்ல, நான்தான் பாத்தேனே," என்றார். எந்தப் பக்கமிருந்து பார்த்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, அந்த நேரத்தில் பம்ப்பின் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் கைதட்டல் காதில் விழுந்தது என்றார்.

கடை விடுமுறை நாள் பிற்பகலில் மீதி மாமாவைத் தொட்டிக்குள் சுற்றினேன். கதவிடுக்கில் துண்டைச் செருகி இருட்டாக்கிக்கொண்டு சுருளில் ஏற்றும் வரைதான் இருட்டு வேண்டும். தொட்டியை மூடிவிட்டால் வெளிச்சத்திலேயே ஊற்றலாம். டெவலப்பர், அலசல், அப்புறம் பிளீச். பெர்மாங்கனேட்டைப் பேட்டரிக் கடையில் வாங்கிய டிஸ்டில்டு வாட்டரில் கரைத்திருந்தேன். தண்ணீரில் உப்பு இருந்தால் பிலிமுக்கு ஆகாது என்று படித்ததால் அதில் எச்சரிக்கையாக இருந்தேன். கேனிலிருந்ததைக் கலந்ததும் கலவை பளீரென்ற ஊதாவாக நின்றது. ஊற்றினேன். பிறகு, பேக்கரிச் சாமான் கடையில் வாங்கிய மெட்டாபைசல்பைட்டைக் கரைத்து ஊற்றிப் பிலிமின் தவிட்டுக் கறையை நீக்கி, விளக்கைக் காட்டி, மறுபடி கறுக்கவைத்துப் பார்த்தால், மாமாவைக் காணோம். பிலிம் முழுக்க இருட்டு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், புகைமூட்டத்துக்குள் ஒரு கை மட்டும் யாருக்கோ அசைந்துகொண்டிருந்தது.

வெளுக்க வேண்டிய வெள்ளி வெளுக்கவில்லை. ஏன் என்று புரியவில்லை. கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமைக்கு இடையில் இரண்டே நாள். சோதிக்க மாமாவும் இல்லை, மாமா தீர்ந்துவிட்டார். இனி மிச்சம் அக்கா மட்டும்.

அந்த நேரம் பார்த்து அக்கா தன் துண்டில் தவிட்டுக் கறை இருப்பதைப் பார்த்துவிட்டுச் சண்டைக்கு வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். மூக்கு விடைத்தது. கையால் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய் வாண்டு, குளத்தை எதுக்கு வீட்டுக்குள்ள கொண்டாந்தே?"

குளமா, எந்தக் குளம் என்றேன்.

"இந்த வாடை எனக்குத் தெரியாதா? அங்க தெரு முனையில திரும்புறப்பவே இந்த வாடை வரும். உடனே என் முட்டி ரெண்டும் கழண்டுடும். இப்பப் பாரு, ஆடுது."

புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். உண்மையாகவே ஆடியது.

நான் எழுந்து தொட்டியை முகர்ந்தேன். பிளீச் ஊற்றி வைத்திருந்த குவளையை முகர்ந்தேன். அவள் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. குளோரின். நான் கலந்த எதிலும் குளோரின் கிடையாது. நான் கலக்காத ஒன்றில்தான் இருந்தாக வேண்டும். ஜன்னலை அகலத் திறந்துவிட்டு, கேனின் மூடியைத் திருகி ஒரு சொட்டு நாக்கு நுனியில் வைக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டில் ஒன்று போட்டாள். வயசாச்சே தவிர அறிவு வளரலையே என்றாள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் தண்ணிக்காரம்மாவைப் பிடித்தேன். பொடியை எந்தத் தண்ணீரில் கரைத்தீர்கள் என்று கேட்டேன்.

"வேற எதுல? நம்ம தண்ணியிலதான்," என்றார் பெருமையாக. "இந்த ஊர்லயே சுத்தமான தண்ணி இதுதானே."

அங்கேதான் இருந்தது விஷயம். அந்தக் குளத்தில் குளோரின் பொடி போடுவதில்லை. தண்ணீரில் உப்பைப் போட்டு, அதிலிருந்தே எந்திரத்தால் குளோரின் எடுக்கிறார்கள். கேன் முழுக்க உப்புத் தண்ணீர். கரைந்து வெளியே போகவேண்டிய வெள்ளியை அந்த உப்பு பிடித்துப் பிலிமுக்குள்ளேயே வேறு வேஷத்தில் உட்கார வைத்துவிட்டது. விளக்கைக் காட்டியதும் அதுவும் சேர்ந்து கறுத்துவிட்டது. குளோரின் வாடையும் அந்த உப்பைப் பெர்மாங்கனேட் கடைந்ததில் வந்ததுதான். இதை நான் எவ்வளவு பதமாகச் சொல்லியும் தண்ணிக்காரம்மாவின் முகம் வாடிப்போயிற்று. குளிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல தண்ணீர் கிடையாது, இது வெள்ளிக்கு மட்டும்தான் ஆகவில்லை என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. புது டிரம்மை உடைத்து, காய்ந்த கரண்டியால் பொடியாகவே அள்ளிக் கட்டிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டேன். அக்கா குளித்து முடித்துப் பாத்ரூமை என்னிடம் ஒப்படைத்தாள். ஒப்படைத்தவள் போகவில்லை. ஒரு ஸ்டூலை வாசலில் போட்டு உட்கார்ந்துகொண்டாள். துண்டுகளைக் காவல் காக்கிறாளாம். அந்தப் பிலிமைப் பற்றி அந்த வாரம் முழுக்க அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசிலின் கை அதில் தெரிந்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று ஒருமுறை சொன்னதோடு சரி. அவளுக்கும் அதில் ஏதோ பயம் இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. நீந்தவில்லை என்று தெரிவதில் அல்ல. நீந்தினாள் என்று தெரிந்துவிட்டால், இத்தனை வருஷமும் படியில் உட்கார்ந்திருந்ததற்கு ஒரு கணக்கு வேண்டியிருக்கும்.

இருட்டில் அக்காவைச் சுருளில் ஏற்றும்போது என் கை வியர்த்தது. பிலிமில் ஈரம் படக்கூடாது. பாவாடையில் துடைத்துத் துடைத்து ஏற்றினேன். தொட்டியை மூடிவிட்டுக் கதவைத் திறந்தேன். டெவலப்பரை ஊற்றிக் குலுக்கினேன், அலசினேன். டிஸ்டில்டு வாட்டரில் பெர்மாங்கனேட், டிஸ்டில்டு வாட்டரில் பொடி. இரண்டையும் கலந்து, குளிர்ந்த நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து ஆறவிட்டேன். ஊற்றுவதற்கு முன் குவளையை அக்காவின் பக்கம் நீட்டினேன். இதை அவளிடம் கேட்கவேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. கை தானாக நீண்டது.

அவள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணை மூடி, தள்ளியே நின்று முகர்ந்தாள். பிறகு தன் முட்டியைப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆடலை. ஊத்து."

ஊற்றினேன். மெட்டாபைசல்பைட் ஊற்றும்போது மட்டும் தீக்குச்சி உரசிய நெடி எழுந்து இருவரும் இருமினோம். மாமா ஓடிவந்து யார் யாரை விஷம் வைத்துக் கொல்கிறீர்கள் என்று விசாரித்தார். அவரையும் நிறுத்தி, கையில் பல்பைக் கொடுத்து உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். இனி இருட்டு வேண்டாம். தொட்டியின் மூடியைக் கழற்றினேன். சுருளில் பிலிம் பாலேடு நிறத்தில், ஒன்றுமே எழுதாத நாடா மாதிரி இருந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், பாவம் வாண்டு என்று இருந்தது. இவ்வளவு அலைந்தாளே என்று. நான் வெறுங்கையோடு நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல், தான் நீந்தியதாகப் பொய்யாகவாவது ஒப்புக்கொண்டுவிடுவாளோ என்று தோன்றியது. அவள் அப்படிச் செய்யக்கூடியவள்தான்.

விளக்கில் நன்றாகக் காட்டிவிட்டு, சுருளை டெவலப்பர் நிரம்பிய வாளியில் மெதுவாக இறக்கினேன்.

முதலில் ஓரங்கள் சாம்பல் பூத்தன. அப்புறம் வெண்மைக்குள்ளிருந்து கட்டம் கட்டமாக ஏதோ எழுந்துவந்தது. மூன்று தலைகளும் வாளிக்கு மேல் குனிந்தன. மாமா எட்டி எட்டிப் பார்த்ததில் பல்பு அசைந்து வாளிக்குள் வெளிச்சம் அலையாக ஆடியது. கறுப்பு கறுப்பாகவே வந்தது. வெள்ளை, தண்ணீர் மாதிரித் தெளிந்து நின்றது.

"இது என் தொப்பி," என்றாள் அக்கா. "வாண்டு, இது என் தொப்பிதான்."

தொடாதே, தொடாதே என்று கத்தினேன். இளகிய தோல், நகம் பட்டால் போச்சு. ஃபிக்ஸரில் இட்டு, அலசி, துணி காயப்போடும் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். காயும்வரை அக்கா பாத்ரூம் பக்கம் மாமாவைக்கூட விடவில்லை.

நண்பகலில் படுக்கையறைத் திரைகளை இழுத்துவிட்டுச் சுவரில் ஓட்டினேன். அரை நிமிஷம்கூட இல்லை. சாம்பல் நிறத் தண்ணீர், வெள்ளைத் தொப்பி, ஒழுங்கே இல்லாமல் சுழலும் இரண்டு கைகள், பின்னால் பெரிய தெறிப்பு. தொப்பி தாழ்கிறது, எழுகிறது, வாயைத் திறந்து மூச்சை விழுங்குகிறது, மறுபடி தாழ்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. கடைசியில் ஒரு கை கம்பியைப் பிடிக்கிறது. அவ்வளவுதான்.

அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னாள். அப்புறம் இன்னொரு தடவை. மூன்றாவது தடவை எழுந்து சுவருக்கருகே போனாள். அவள் முதுகின் மேல் தண்ணீர் ஓடியது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தின் மேல் மூலையைச் சுட்டினாள்.

"இவ யாரு?"

நான் கேமராத் துளை வழியாக அக்காவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்ததால் அந்த மூலையைக் கவனித்ததே இல்லை. மறுபடி ஓட்டினேன். படம் தொடங்குகிற இடத்தில், புறப்பட்ட சுவரின் ஓரமாக, இடுப்பளவு நீரில் ஒருத்தி. கழுத்தில் விசில். அக்கா சுவரை விட்டதுமே அவள் முதுகைக் காட்டித் திரும்பிவிட்டாள். இரண்டு கைகளாலும் வேறொரு பெண்ணின் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தாள். அது மாட்டுவதற்குள் அக்கா பாதிக்கு மேல் போய்விட்டாள்.

படம் ஓடி முடிந்தது. அக்கா இப்போது அழுவாள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"அடிப்பாவி," என்றாள் அக்கா. "நான் செத்துச் சுண்ணாம்பாகுறேன், இவ எவளுக்கோ தொப்பி மாட்டிக்கிட்டிருக்கா. பாதி தூரம் பிடிச்சேன்னு என்னா சத்தியம் பண்ணா, பாத்தியா? பாக்கவேயில்லை, வாண்டு. என்னை அவ திரும்பிக்கூடப் பாக்கலை."

மாமா கட்டிலில் விழுந்து சிரித்தார். விசில் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள், தண்ணிக்காரம்மா பம்ப்பைப் பார்த்தார், நான் ஒரு துளைக்குள் கண்ணை வைத்திருந்தேன். அவள் நீந்தினாள் என்று அடித்துச் சொன்ன நாங்கள் மூவருமே நடந்ததை முழுசாகப் பார்க்கவில்லை. நம்பாத ஒருத்திதான் இப்போது பார்த்திருக்கிறாள். எனக்கும் சிரிப்பு வந்தது. வந்தது நிற்கவில்லை. எனக்குள் பங்கீடு கேட்டுக்கொண்டிருந்தவளைத் தேடினேன். அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, தனியாக அடையாளம் தெரியவில்லை.

கோபமெல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு அக்கா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கையைத் தன் வயிற்றின் மேல் வைத்து லேசாக அழுத்திப் பார்த்தாள்.

"ஆனா கை இருந்துச்சு. கடைசிவரைக்கும் இருந்துச்சு. எனக்குத் தெரியும்."

இந்தத் தடவை நான் மறுக்கவில்லை. நான் முதன்முதலாக மிதந்த நாளில் எனக்கும் வயிற்றுக்கடியில் அப்படி ஒன்று இருந்தது. அகலமாக, குளிர்ச்சியாக. அது படியில் துண்டோடு உட்கார்ந்திருந்த அக்காவின் கை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை நான் அவளிடம் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை. புரொஜக்டரை அணைத்துவிட்டுத் திரையை விலக்கினேன்.

சனிக்கிழமை தெரு முனை திரும்பும்போது குளோரின் வாடை வந்தது. அக்கா நின்று முட்டியைப் பார்த்தாள். ஆடியது. ஆடினால் ஆடட்டும் என்று நடந்தாள். தண்ணிக்காரம்மா மோட்டார் அறையிலிருந்து எட்டிப் பார்த்து, வெள்ளி என்னாச்சு என்று கேட்டார். சுத்தமாகக் கரைந்துபோச்சு என்றேன்.

விசிலிடம் அக்கா போட்ட சண்டை குளத்துக் கூரை வரை எதிரொலித்தது. விசில் முதலில் மழுப்பினாள், அப்புறம் காதைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். இனிமேல் ஒரு நொடிகூட உங்கள் மேலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன், கூடவே வருகிறேன் என்று தண்ணீரில் இறங்கி, கைகளை நீட்டித் தயாராக நின்றாள்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். படியில் இறங்கினாள், கழுத்துவரை போனாள், சுவரில் முதுகைச் சாய்த்தாள். விசில் நின்ற மங்கலான திசையைப் பார்த்துக் கையை ஆட்டினாள்.

"இப்படி முறைச்சுக்கிட்டு நிக்காதே. அந்தப் பக்கம் திரும்பி யாருக்காவது தொப்பி மாட்டு போ. அப்பதான் எனக்கு வரும்."